கெப்போங்கில் ஒரு பிசின் மரம்: கோலாலம்பூர் நாட்குறிப்பு

டிசம்பர் 3, 2025, புதன் – செந்தூல்

கார்த்திகைத் தீபத்தன்று வெளியூரில் இருக்கிறோமே என்ற குறை மாலை ஏழு மணிக்கு மேல் இல்லாமல் போயிற்று. செந்தூலில் அக்கா குடியிருக்கும் அடுக்குமாடியின் ஏழாவது தளத்தில், நீண்ட பொது நடைபாதையின் ஒரு பக்கம் நெடுக அகல்விளக்குகள் எரிந்தன. எதிர்வீட்டு மலாய் அம்மாள் யாரும் கேட்காமலே தம் செருப்பு அலமாரியை உள்ளே இழுத்துக்கொண்டு விளக்கு வைக்க இடம் விட்டார். மழைக்காற்றுக்கு மட்டும் அந்தப் பெருந்தன்மை இல்லை. மூன்று விளக்கை ஏற்றினால் இரண்டு அணைந்தது. அத்தான் பழைய பிஸ்கட் டின் மூடிகளைக் கொண்டுவந்து ஒவ்வோர் அகலுக்கும் முன்னால் நிறுத்திவைத்தார். அதன் பிறகுதான் சாப்பிட உட்கார முடிந்தது.

அக்காவின் முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அவளைப் பார்க்க வரவில்லை என்பது நான் இந்த ஊருக்கு வந்ததற்கு ஒரு காரணம். இன்னொரு காரணம், அவள் சாப்பாட்டுக்கு முன் தணலில் தூவிய குங்கிலியம். கல்லூரியில் கரிம வேதியியல் நடத்திய காலத்தில் ஹோப்பேன் என்னும் ஐந்து வளைய மூலக்கூறின் எலும்புக்கூட்டைப் பல முறை கரும்பலகையில் வரைந்திருக்கிறேன். மிகப் பழைய பாறைகளில் உயிர் வாழ்ந்ததற்குச் சாட்சியாக வேதியியலாளர் தேடும் மூலக்கூறுகளில் முதல் வரிசையில் நிற்பது அது. ஆனால் அந்த எலும்புக்கூடு முதலில் அகப்பட்டது பாறையில் அன்று, மரப்பிசினில். ஓவியங்களுக்குப் பூசும் வார்னிஷுக்காக ஐரோப்பாவுக்குப் போய்க்கொண்டிருந்த, குங்கிலிய வகையான டாமர் பிசினை ஆராய்ந்த மில்ஸ், வெர்னர் என்னும் இருவர் 1955இல் அதைப் பிரித்தெடுத்தார்கள். பிசின் தரும் ஹோப்பியா என்னும் மரப் பேரினத்தின் பெயரே மூலக்கூறுக்கும் அமைந்தது. அந்த மரங்கள் இந்த நாட்டுக் காட்டு மரங்கள். பாடம் நடத்தும்போது கண்ணால் பார்க்காத ஒன்றை ஓய்வு பெற்ற பிறகாவது பார்த்துவிடலாம் என்ற ஆசைதான்.

பிசினுக்கும் பாறைக்கும் நடுவில் நடந்த கதையைச் சொல்லாமல் இந்தக் குறிப்புகளைத் தொடர முடியாது. பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர் நகரில் கீ ஊரிசோன், பியர் ஆல்பிரெக்ட் ஆகியோரின் குழு, உலகின் பல பகுதிகளிலிருந்து வந்த வண்டல்களிலும் நிலக்கரியிலும் கச்சா எண்ணெயிலும் இதே எலும்புக்கூட்டைக் கண்டது. தாவரத்தில் கிடைப்பதில் கார்பன் அணுக்கள் 30. பாறையில் கிடைத்தவற்றிலோ 35 வரை இருந்தன. அந்த ஐந்து கூடுதல் அணுக்களைக் கோத்த உயிரி எது என்பதற்கு விடை 1970களில்தான் வந்தது. பாக்டீரியாக்கள், நம் உடல் கொலஸ்ட்ராலைப் பயன்படுத்துவதுபோலத் தம் செல் சவ்வை உறுதியாக்க இவ்வகை மூலக்கூறுகளைச் செய்துகொள்கின்றன. உயிருள்ள பாக்டீரியாவில் அடையாளம் காணப்படும் முன்பே அதன் எச்சம் கல்லில் அடையாளம் காணப்பட்டிருந்தது என்பதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம், கடைசி வரிசை மாணவர்களும் தலை தூக்கிப் பார்ப்பார்கள்.

டிசம்பர் 4, வியாழன் – மஸ்ஜித் இந்தியா

காலையில் அத்தான் மாமாக் கடைக்கு, அதாவது தமிழ் முஸ்லிம் உணவகத்துக்கு, அழைத்துப் போனார். ரொட்டி சானாய் ஒன்று ஒரு வெள்ளி எண்பது காசு, தே தாரிக் இரண்டரை வெள்ளி. இங்குள்ள தமிழர் யாரும் ரிங்கிட் என்று சொல்வதில்லை, வெள்ளிதான். பரிமாறிய பையன் என் பேச்சைக் கேட்டுவிட்டு, "நீங்க ஊரா அங்கிள்?" என்று கேட்டு, நான் கேட்காமலே இன்னொரு கரண்டி பருப்புக் குழம்பு ஊற்றினான்.

மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தில் வீட்டுக்கு இரண்டு புடவையும் எனக்கு இரண்டு சட்டையும் வாங்கிய பிறகு, பூசைச் சாமான் விற்கும் சிறிய கடை ஒன்றில் குங்கிலியம் கேட்டேன். கடைக்கார அண்ணன் உடனே எடுத்துத் தரவில்லை. சாம்பிராணி வேண்டுமா, குங்கிலியம் வேண்டுமா, இரண்டும் வேறு தெரியுமா என்று விசாரித்துவிட்டு இரண்டு டப்பாக்களைத் திறந்து முகரச் சொன்னார். சாம்பிராணியில் இனிப்பு மணம் தூக்கலாக இருந்தது. குங்கிலியம் எலுமிச்சையும் தாரும் கலந்ததுபோல் காரமாக ஏறியது. சாம்பிராணி வேறொரு மரக் குடும்பத்தின் பிசின், வேதியியலும் முற்றிலும் வேறு. அதைச் சொல்ல நான் வாயெடுக்கும் முன்பே, "பழைய கப்பல்காரங்க ஓட்டை அடைக்கிறது இதாலதான் சார், தண்ணி உள்ள போகாது" என்று அவர் பாதிப் பாடத்தை முடித்துவிட்டார். 100 கிராம் ஆறு வெள்ளி. மனைவியின் தாலியைக் கொடுத்துக் குங்கிலியம் வாங்கிய குங்கிலியக் கலய நாயனாருக்கு அந்தக் காலத்தில் என்ன விலை சொன்னார்களோ தெரியவில்லை.

திரும்பும் வழியில் பிடித்த மழை சாதாரண மழை அன்று. பத்து நிமிடத்தில் சாலையோரச் சாக்கடை நிரம்பி நடைபாதைக்கு வந்தது. ஒரு வளைவின் கீழ் ஒதுங்கி நின்ற கூட்டத்தில், சீன மூதாட்டி ஒருவர் தம் குடையின் பாதியை என் பைக்குப் பிடித்தார். எனக்கு அன்று, பைக்கு. புடவைக் கடையின் பெயர் அதில் தெரிந்திருக்க வேண்டும்.

குடை பிடித்தும் பயனில்லாமல் போயிற்று. பைக்குள்ளே குங்கிலியப் பொட்டலம் கிழிந்து தூள் கொட்டியிருந்தது. வீட்டில் புடவையைப் பிரித்த அக்கா, வெளி மடிப்பை முகர்ந்து முகம் சுளித்தாள். அடுத்த மடிப்பில் மணம் குறைவு. நடு மடிப்பில் ஏறக்குறைய இல்லை. பழைய பாறைகளைப் பற்றிய கடந்த கால் நூற்றாண்டுச் சண்டை முழுவதையும் அந்தப் புடவையை வைத்தே சொல்லிவிடலாம்.

1999இல், அப்போது ஆய்வு மாணவராக இருந்த யோகன் பிராக்ஸ், கிரஹாம் லோகன், ரோஜர் புய்க், ரோஜர் சம்மன்ஸ் ஆகியோருடன் சேர்ந்து, மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பரா பகுதியில் கிடைத்த 270 கோடி ஆண்டுப் பழமையான களிப்பாறையில் ஹோப்பேன்களும் ஸ்டெரேன்களும் இருப்பதாக அறிவித்தார். ஸ்டெரேன் என்பது கொலஸ்ட்ரால் போன்ற ஸ்டெரால்களின் எச்சம். உட்கரு கொண்ட செல்களின் கையெழுத்து. அன்றைய கணக்குப்படி அத்தகைய செல்களின் வயதை அது ஒரே தாவலில் ஐம்பது முதல் நூறு கோடி ஆண்டு பின்னுக்குத் தள்ளியது. பாடநூல்கள் திருத்தப்பட்டன. நானும் அப்படியே நடத்தினேன்.

பிறகு ஐயம் எழுந்தது. எழுப்பியவர்களில் பிராக்ஸும் ஒருவர். 2008இல் வெளியான கட்டுரை ஒன்று, பாறைக்குள் உறைந்திருந்த திடக் கரிமப் பொருளின் ஐசோடோப்பு விகிதமும் (இலேசான கார்பனும் கனமான கார்பனும் கலந்திருக்கும் அளவு), அதிலிருந்து வடித்தெடுத்த எண்ணெயின் விகிதமும் ஒத்துப்போகவில்லை என்று காட்டியது. ஒரே பாறையில் பிறந்தவையாக இருந்தால் அவ்வளவு வேறுபாடு இருக்க முடியாது. எனவே எண்ணெய் பின்னால் வந்து சேர்ந்தது. அதோடு நிற்காமல், பாறையை வெளியிலிருந்து உள்நோக்கி மில்லிமீட்டர் கணக்கில் சீவி, ஒவ்வொரு சீவலிலும் ஹைட்ரோகார்பனின் அளவு எப்படி மாறுகிறது என்று பிராக்ஸ் அளந்து பார்த்தார். எங்கள் புடவையின் மடிப்புகளை அக்கா சோதித்த முறைதான்: உள்ளே போகப் போகக் குறைந்தால் அது வெளியிலிருந்து வந்தது.

டிசம்பர் 5, வெள்ளி – பிரிக்பீல்ட்ஸ்

பகல் முழுவதும் மழை, வெளியே போகவில்லை. புடவைகள் மின்விசிறியின் கீழ் தொங்கின.

இரவு அக்கா மகன் குகன் எங்களைப் பிரிக்பீல்ட்ஸுக்கு வாழையிலைச் சோறு சாப்பிட அழைத்துப் போனான். சைவச் சாப்பாடு 13 வெள்ளி. பாகற்காய் வறுவலை மொறுமொறுவென்று தனியாகக் குவித்து வைத்தார்கள், அது ஒன்றுக்காகவே இன்னொரு முறை போகலாம். பரிமாறியவர் இராமநாதபுரத்துக்காரர். திருச்சி என்று நான் சொன்னதும் ரசத்தை டம்ளரில் கொண்டுவந்து வைத்துவிட்டு, "இங்க மேல ஊத்தினா ஓடிரும் சார், குடிச்சிருங்க" என்றார். இலையை நம் பக்கமாக மடித்தால் திருப்தி என்ற மரியாதையை இங்கே பக்கத்து மேசைச் சீன இளைஞர்களும் தவறாமல் கடைப்பிடித்தார்கள்.

குகன் எண்ணெய் ஆய்வு தொடர்பான சோதனைக்கூடம் ஒன்றில் வேலை பார்க்கிறான். பாறைத் தூளிலிருந்து கரைப்பானால் வடித்ததை, மூலக்கூறுகளைப் பிரித்து எடைபோடும் ஜிசி-எம்எஸ் கருவியில் ஏற்றி, 191 என்னும் நிறை எண்ணில் எழும் முகடுகளைப் பார்ப்பது அவனுக்கு அன்றாட வேலை. ஹோப்பேன் உடையும்போது தரும் துணுக்கின் எடை அது. ஸ்டெரேனுக்கு 217. நான் பில்பரா கதையை ஆரம்பித்ததும் அவன் சிரித்தான்.

"மாமா, பாறை வந்தா நாங்க முதல்ல உள்ள என்ன இருக்குன்னு பாக்கறதில்ல. என்னென்ன பட்டிருக்குன்னுதான் பாப்போம். துளை போட்ட எண்ணெய், அறுத்த ரம்பம், சுத்தி வெச்ச பிளாஸ்டிக், தூக்கிட்டு வந்த லோரி. எல்லாத்துலயும் பெட்ரோலியம் இருக்குலா."

அவன் சொன்னதன் முழுக் கனமும் 2012இல் பில்பராவில் நடந்த துளையிடலில் இருக்கிறது. எண்ணெய் கலந்த மசகு எதையும் பயன்படுத்தாமல், பாறைத் தண்டை வெளியே எடுத்த கணம் முதல் கைபடாமல் காத்து, துண்டுகளைத் தனித்தனிச் சோதனைக்கூடங்களுக்குப் பிரித்து அனுப்பினார்கள். எந்தக் கூடத்திலும் அந்தப் பாறைக்குச் சொந்தமான ஹோப்பேனோ ஸ்டெரேனோ கிடைக்கவில்லை. பாறை பட்ட வெப்பத்தில் அவ்வகை மூலக்கூறுகள் எப்போதோ சிதைந்துபோயிருந்தன. முன்பு கண்டவை பிற்காலப் பெட்ரோலியத்தின் அழுக்கு. முடிவு 2015இல் கேத்தரின் பிரெஞ்ச் என்பவர் முதல் ஆசிரியராக வெளியானது; 1999இல் கையெழுத்திட்ட நால்வரில் பிராக்ஸ், புய்க், சம்மன்ஸ் மூவரும் அதிலும் கையெழுத்திட்டிருந்தார்கள். தம்மைப் புகழின் உச்சியில் ஏற்றிய முடிவைத் தாமே ஆண்டுக்கணக்கில் உழைத்து, இல்லை என்று நிறுவிய ஆய்வாளர்கள் எந்தத் துறையிலும் அதிகம் இருக்க மாட்டார்கள். என்னைப் பொறுத்தவரை இந்தத் துறையின் மிகப் பெரிய கண்டுபிடிப்பு அதுதான்.

அப்படியானால் நம்பத்தக்கதாக எதுதான் மிஞ்சுகிறது என்று அத்தான் கேட்டார். அவர் கேட்டது நியாயம். வட ஆஸ்திரேலியாவின் பார்னி கிரீக் பாறைகள் 164 கோடி ஆண்டுப் பழமையானவை. அதிக வெப்பத்துக்கு ஆளாகாதவை. ஊதாக் கந்தக பாக்டீரியாவின் நிறமி எச்சம் வரை அவற்றில் தெளிவாகக் கிடைக்கிறது. மொரிட்டேனியாவின் தவுதெனிப் படுகையில் 110 கோடி ஆண்டுப் பாறையைத் தூளாக்கிக் கரைத்தபோது, பச்சையத்தின் எச்சமான போர்பிரின்கள் இளஞ்சிவப்பாக இறங்கின. 2018இல் வெளியான செய்தி அது. உயிர் உண்டாக்கி, நிறம் போகாமல் நம்மிடம் மிஞ்சியவற்றில் மிகப் பழையது அந்த இளஞ்சிவப்பு. பச்சையத்தின் எலும்புக்கூடு எண்ணெயில் இருப்பதை 1930களிலேயே கண்டு, பெட்ரோலியம் உயிரிலிருந்து வந்தது என்று காட்டியவர் ஆல்பிரட் டிரைப்ஸ் என்னும் ஜெர்மானியர். இந்தத் துறையே அவரிடமிருந்துதான் தொடங்குகிறது.

இனிப்பாக வந்த பாயசத்தை அக்கா என் பக்கம் தள்ளிவிட்டு, "அப்போ அந்த 270 கோடி போச்சா?" என்றாள். மூலக்கூறு போயிற்று, உயிர் போகவில்லை என்றேன். இல்லை என்று நிறுவப்பட்டது சாட்சிதான். அந்தக் காலத்தில் உயிர் இருந்ததற்கு வேறு வகைச் சான்றுகள் இருக்கின்றன.

டிசம்பர் 6, சனி – கெப்போங்

மலேசிய வன ஆராய்ச்சி நிலையத்துக்கு வாடகைக் கார் பிடித்தோம். ஓட்டுநர் தம் கைப்பேசி காட்டிய வழியை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, பூட்டிய ஒரு பின்வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். காவலுக்கு இருந்த மலாய்க்காரர் எங்களைத் திருப்பி அனுப்பவில்லை. தம் நாற்காலியை எனக்குக் கொடுத்துவிட்டு, யாருக்கோ தொலைபேசியில் பேசி, தோட்டத்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்த சிறு லோரியின் பின்னால் எங்களை ஏற்றி முன்வாசலுக்கு அனுப்பினார். காசு நீட்டினேன், நெஞ்சில் கை வைத்துத் தலையசைத்தார். நாங்கள் வாங்கி வைத்திருந்த நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) பொட்டலம் ஒன்றை மட்டும் ஏற்றுக்கொண்டார். இரண்டரை வெள்ளிப் பொட்டலம்தான், ஆனால் அந்தச் சம்பாலின் காரம் மதியம் வரை நின்றது.

இப்போது காடாக இருக்கும் இந்த இடம் ஒரு காலத்தில் ஈயலம்பம், அதாவது வெள்ளீயச் சுரங்கம். தோண்டிப் போட்ட மணலும் காய்கறித் தோட்டங்களுமாகக் கிடந்த நிலத்தில் 1920களில் மரம் நடத் தொடங்கி, 1929இல் ஆராய்ச்சி நிலையம் அமைத்தார்கள். கடந்த ஜூலையில் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது. மனிதன் நட்டு வளர்த்த மழைக்காடு என்பதுதான் இதன் சிறப்பு, உள்ளே நடக்கும்போது அதை நம்புவது கடினம்.

முதலில் எல்லோரும் பார்க்கப் போவது காப்பூர் மரங்களை. அண்ணாந்து பார்த்தால், ஒரு மரத்தின் கிளைநுனி அடுத்த மரத்தைத் தொடாமல் நடுவில் ஒரு சந்து விட்டு நிற்கிறது. மேலே வானம் வெள்ளை வாய்க்கால்களாகப் பிரிந்து தெரிகிறது. கழுத்து வலிக்கும் வரை பார்த்தேன். பச்சைக் கற்பூரம் தந்த மரம் இதுதான். கீழே கிடந்த இலையைக் கசக்கினால் மணம் வந்தது, சில நொடியில் போய்விட்டது. கற்பூரம் பத்துக் கார்பன் அணுக்கள் கொண்ட சிறிய மூலக்கூறு, காற்றில் பறந்துவிடும். அதே டிப்டெரோகார்ப் குடும்பத்தின் இன்னொரு மரம் செய்யும் முப்பது கார்பன் மூலக்கூறோ பறக்காது, நீரில் கரையாது, ஐந்து வளையங்களும் ஒன்றோடொன்று பிணைந்திருப்பதால் எளிதில் உடையவும் உடையாது. பாறையில் எது மிஞ்சும் என்பதை அதன் அளவும் வடிவமுமே தீர்மானிக்கின்றன.

ஹோப்பியாவைக் கண்டுபிடிக்க முக்கால் மணி நேரமாயிற்று. பெயர்ப்பலகையில் 'மெராவான்' என்ற மலாய்ப் பெயர் இருந்தது. பட்டை கருத்து நீளவாக்கில் வெடித்திருந்தது; வெடிப்பு ஒன்றில் கோலிக்குண்டு அளவுக்குப் பிசின் வடிந்து, மேலே வெண்மையாகவும் உள்ளே தேன் நிறமாகவும் இறுகியிருந்தது. பாதுகாக்கப்பட்ட இடம் என்பதால் தொடவில்லை. பக்கத்தில் உடற்பயிற்சி நடைக்கு வந்த சீனப் பெரியவர் ஒருவர் நின்று, நான் என்ன பார்க்கிறேன் என்று மலாயில் கேட்டார். குகன் விளக்கினான். அவர் கீழே குனிந்து, இரண்டு நீண்ட இறகுகளோடு கிடந்த ஒரு காயை எடுத்து மேலே வீசினார். அது சுழன்று சுழன்று இறங்கியது. இறகு எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று கைவிரலால் காட்டிவிட்டு நடையைத் தொடர்ந்தார்.

மரத்தடிப் பலகையில் உட்கார்ந்து மிச்சப் பொட்டலத்தைப் பிரித்தபோதுதான் குகன் எனக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னான். டாமர் பிசினில் கரையும் பகுதி ஒன்று, கரையாத பகுதி ஒன்று. கரையாதது பாலிகாடினீன் என்னும் நீண்ட சங்கிலி. அது மண்ணுக்கடியில் புதைந்து சூடேறும்போது உடைந்து பைகாடினேன் என்னும் மூலக்கூறாகிறது. சரவாக் கடலடி எண்ணெய்களைக் கருவியில் ஏற்றினால் அந்தப் பைகாடினேன் எழுந்து நிற்கிறது.

"கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி ஆத்துல அடிச்சிட்டுப் போன இந்த மரத்தோட பிசின்தான் மாமா அது. எண்ணெய் எந்த நாட்டுதுன்னு பேப்பர் பாக்கத் தேவையில்ல, முகடப் பாத்தா போதும்."

காட்டு மரமும் காரில் ஊற்றும் எண்ணெயும் இப்படி நேர் உறவு என்று அறிந்தபோது நான் அந்தப் பிசின் உருண்டையை இன்னொரு முறை எழுந்துபோய்ப் பார்த்தேன். இரண்டு மூன்று கோடி ஆண்டு தாங்குவது இந்த வேதியியலுக்கு எளிது. நூறு கோடி தாண்டும்போதுதான் வெப்பம் குறுக்கே வருகிறது. எண்ணெய் உருவாவது சுமார் 60 முதல் 150 டிகிரி வெப்பத்தில். அதற்கு மேல் நீண்ட காலம் கிடந்தால் வளையங்கள் உடைந்து வாயுவும் கரியுமாக முடியும். வெந்த அளவையும் மூலக்கூறே பதிந்து வைத்திருக்கிறது. பாக்டீரியா செய்யும் ஹோப்பேனின் அணுக்கள் நிற்கும் திசை, சூடேற ஏற இன்னும் நிலையான திசைக்குத் திரும்புகிறது. பாறை மிக வெந்திருக்க, அதனுள் இருக்கும் மூலக்கூறு அரைவேக்காடாக இருந்தால் அது வந்தேறி என்று பிடித்துவிடலாம்.

மதியம் இரண்டு மணிக்கு மழை தொடங்கியது. காலுறைக்குள் ஓர் அட்டையோடு வீடு வந்து சேர்ந்தேன்.

டிசம்பர் 7, ஞாயிறு – பத்துமலை

ஞாயிறன்று பத்துமலைக்குப் போகாதீர்கள் என்று அக்கா சொன்னாள். அவள் சொன்னது சரி. 272 படிகளிலும் ஆள் நகர இடமில்லை. அதற்கிடையில் ஒரு குரங்கு என் கையிலிருந்த உளுந்து வடைப் பொட்டலத்தைப் பறித்து, முதல் வடையைக் கடித்துப் பார்த்து, பிடிக்காமல் படியில் எறிந்தது. ஐந்து வெள்ளிக்கு வாங்கிய வடை. பின்னால் ஏறிவந்த ஒரு பெண் தன் பிள்ளைக்கு வைத்திருந்த முறுக்கில் இரண்டை என்னிடம் நீட்டி, "பரவால்ல அங்கிள், அது எல்லாருக்கும் செய்யும்" என்றாள்.

முருகனைத் தரிசித்த பிறகு, கூட்டத்திலிருந்து விலகிக் குகைச் சுவரருகே நின்றேன். இந்தச் சுண்ணாம்புக்கல் ஏறத்தாழ 40 கோடி ஆண்டுக்கு முந்தைய கடலின் அடியில் படிந்தது. பிறகு கீழிருந்து கருங்கல் குழம்பு ஏறியபோது சூட்டில் பெரும்பகுதி பளிங்காகிவிட்டது. உடைந்த முகத்தில் சர்க்கரைப் படிகம்போல் மின்னுகிறது. இதை இடித்துக் கரைத்துக் கருவியில் ஏற்றினால் என்ன எழும் என்று யோசித்தேன். பழைய கடலின் உயிரைவிட வௌவால் எச்சமும், கற்பூரப் புகையும், தீப எண்ணெயும், இத்தனை ஆயிரம் பேரின் கை வியர்வையும்தான் எழும்.

மூலக்கூறுகள் வெந்துபோன இத்தகைய பாறைகளில் மிஞ்சுவது வெறும் கரி. அதனிடமும் கேட்க ஒரு கேள்வி உண்டு. இயற்கைக் கார்பனில் நூற்றுக்கு ஒன்றுக்குச் சற்று அதிகமாகக் கனமான கார்பன்-13 கலந்திருக்கிறது. ஒளிச்சேர்க்கை நடத்தும் உயிர்கள் இலேசான கார்பன்-12ஐயே விரும்பி எடுப்பதால், அவற்றின் உடலில் கார்பன்-13 ஆயிரத்துக்குச் சுமார் 25 பங்கு குறைந்துவிடும். கரியாகிக் கிராஃபைட் ஆன பிறகும் அந்தக் குறைவு ஓரளவு தங்குகிறது. கிரீன்லாந்தின் இசுவா பகுதியில் 370 கோடி ஆண்டுப் பாறையில் மினிக் ரோசிங் 1999இல் கண்டது இத்தகைய இலேசான கிராஃபைட்டைத்தான். ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸில் 410 கோடி ஆண்டுப் பழமையான சிர்கான் என்னும் கனிமத்தின் ஒரு மணிக்குள்ளும் இலேசான கிராஃபைட் துணுக்கு இருப்பதாக 2015இல் அறிவித்தார்கள். ஆனால் உயிரின் உதவியின்றி இரும்புக் கார்பனேட் சிதைந்தும் கிராஃபைட் உண்டாகும் என்பதால், இசுவாப் பகுதிப் பாறைகள் சிலவற்றின் சான்று கேள்விக்கு உள்ளாயிற்று. 1969இல் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசனில் விழுந்த விண்கல்லில் அமினோ அமிலங்களே டஜன் கணக்கில் கிடைத்தன; அங்கே உயிர் எதுவும் இல்லை. கரிமப் பொருள் இருப்பது ஒன்று, உயிர் இருந்தது இன்னொன்று. செய்தித்தாள் தலைப்புகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் வழுக்குகின்றன.

கீழே இறங்கி இளநீர் குடித்தோம், ஏழு வெள்ளி. வெட்டிக் கொடுத்தவர் வழுக்கையைச் சுரண்டிக் கொடுக்க மறக்கவில்லை.

டிசம்பர் 8, திங்கள் – செந்தூல்

காலை நடைக்கு இறங்கியபோது, அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடத்தில் வரிசையாக நின்ற நிழல் மரங்களில் ஒன்றின் கீழே அதே இரட்டை இறகுக் காய்கள் கிடந்தன. இலையைத் திருப்பிப் பார்த்தேன்; நரம்புகள் கிளைக்கும் கக்கத்தில் சிறு குழிகள் இருந்தன. ஹோப்பியா ஒடோரேட்டாவின் அடையாளம் அது. இந்த ஊரில் அதைச் சாலையோர மரமாகவே நட்டிருக்கிறார்கள். லோரியின் பின்னால் ஏறிக் கெப்போங் போனது வீண் என்று அத்தான் சொன்னார், நான் ஒப்புக்கொள்ளவில்லை.

பிற்பகலில் குகன் கணினியில் கடந்த மாதம் வந்த ஆய்வு ஒன்றைக் காட்டினான். அமெரிக்காவின் கார்னகி அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்தவர்களும் பிறரும் செய்தது. தனியொரு ஹோப்பேனையோ ஸ்டெரேனையோ தேடாமல், பாறை, விண்கல், புதைபடிவம், இன்றைய உயிரிகள் என்று 406 மாதிரிகளைச் சுட்டு, உடைந்து வரும் எல்லாத் துணுக்குகளின் பரவலையும் கணினிக்குக் கற்பித்திருக்கிறார்கள். உயிர்வழி வந்தது எது, அல்லாதது எது என்று அது 90 சதவீதத்துக்கு மேல் சரியாகப் பிரிக்கிறதாம். அந்தப் பயிற்சியோடு தென்னாப்பிரிக்காவின் 330 கோடி ஆண்டுப் பாறையில் உயிரின் தடமும், 252 கோடி ஆண்டுப் பாறையில் ஒளிச்சேர்க்கையின் தடமும் தெரிவதாகச் சொல்கிறார்கள். எலும்புக்கூடு முழுதாகக் கிடைக்காத இடத்தில் சிதறலின் பாணியைப் படிக்கலாம் என்ற எண்ணம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் கணினி தருவது நிகழ்தகவு. அந்தத் துணுக்குகள் பாறையோடு பிறந்தவையா என்ற பழைய கேள்வியை அது தீர்த்துவைக்காது. பில்பராவுக்குப் பிறகு அந்தக் கேள்வியைக் கேட்காமல் எதையும் ஏற்க எனக்கு மனம் வரவில்லை. குகன் என்னைவிட நம்பிக்கையுள்ளவன்; மாதிரிகள் பெருகினால் தெளிவு வரும் என்கிறான்.

பைக்குள் கொட்டியது போக மிஞ்சிய குங்கிலியத்தை அவன் சோதனைக்கூடத்தில் ஒரு முறை ஓட்டிப் பார்க்க முடியுமா என்று கேட்டேன். 1955இல் மில்ஸும் வெர்னரும் கண்டதை என் கண்ணால் ஒரு முகடாகப் பார்த்துவிட்டால் போதும்.

"மாமா, அந்தப் பொட்டலத்த லேப் வாசல்ல கூட விட மாட்டேன்" என்றான். "ஒரு தடவ ஏத்தினா, அடுத்த மாசம் வர்ற எண்ணெய்ல எல்லாம் உங்க பிசின்தான் தெரியும். எங்க பாஸ் என்னத் தொலச்சிருவார்லா. நீங்க போட்டுக்கிட்டு இருக்கற சட்டையோடவே உள்ள வரக்கூடாது."

நியாயம்தான். பொட்டலத்தை அக்காவிடம் கொடுத்துவிட்டு, ஒரு துண்டை மட்டும் கண்ணாடிக் குப்பியில் போட்டு, மூடிக்கு உள்ளே அலுமினியத் தாள் வைத்து அடைத்துக்கொண்டேன். பிளாஸ்டிக் கூடாது என்று அவன்தான் எடுத்துக் கொடுத்தான். திருச்சியில் ஜிசி-எம்எஸ் வைத்திருக்கும் பழைய மாணவர் ஒருவர் இருக்கிறார். முதலில் வெற்றுக் கரைப்பானை ஓட்டிக் காட்டிவிட்டுத்தான் இதை ஏற்ற வேண்டும் என்று அவருக்கு இன்றிரவே எழுதியிருக்கிறேன்.